எல்லாரும் சாப்பிட்ட சாலட்

உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் தோல் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். விடுமுறை நாளில் திடுதிப்பென்று நாலு பேர் வந்து நின்றால் கைகொடுக்கும் பண்டம் அது. கிழங்கு, முட்டை, எண்ணெய், ஒரு வெங்காயம் இருந்தால் சாலட் தயார்.

அந்த விருந்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

ஆண்டின் கடைசி விடுமுறை. காலை ஒன்பது மணிக்குத் தம்பி போன் செய்தான். விருந்து அவன் வீட்டில் நடப்பதாக இருந்தது. சமையலறைக் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீராம். அதனால் மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வருகிறார்களாம். அவன், அவன் மனைவி, அவனுடைய டிரைவிங் ஸ்கூல் கூட்டாளி, கூட்டாளியின் மனைவி. வரலாமா என்று அவன் கேட்கவில்லை. "சிம்பிளா ஏதாவது பண்ணுக்கா, போதும்" என்றான்.

எனக்கு அது பெரிய வேலை இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, நான் ஒருத்தி. கூடத்தைப் பெருக்கித் துடைத்தேன். மேசைக்குத் துணி விரித்தேன். பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினேன். கோழியை மசாலா தடவி அடுப்பில் வைத்தேன்.

இடையில் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது. என்னுடையது அவனுக்குப் பொருந்தியது. நான் யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். அம்மா அப்போது உயிரோடிருந்தாள். என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "உனக்குன்னு குடும்பமா, குட்டியா? யாருக்குன்னு பத்திரமா வெச்சிருக்கே?" என்றாள். மறுநாளே கையெழுத்துப் போட்டேன்.

கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவன் அதை வைத்துக்கொண்ட விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. மருத்துவர் வேண்டாம் என்றதையெல்லாம் தின்றான், குடித்தான். மாத்திரையை மட்டும் அவன் மனைவி கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். நாலு பேர் கூடினால் இடுப்பைத் தட்டிக் காட்டுவான். "அக்காவோட சரக்கு. ஒரிஜினல். இன்னும் நாப்பது வருஷத்துக்கு வாரண்டி இருக்கு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். தின்னும்போது உதட்டோரம் எண்ணெய் வழியும். கரண்டியை நக்கிவிட்டுத் திரும்பவும் பொதுக் கிண்ணத்தில் போடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம், அவன் மென்றதும் குடித்ததும் எல்லாம் கடைசியில் என்னுடையதின் வழியாகத்தானே போகிறது என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

சரி, முட்டைக்கு வருகிறேன். வீட்டில் ஒரு டஜன் இருந்தது. ஆறு நல்லது. மற்ற ஆறில் ஓடு விரிசல் விட்டிருந்தது. ஒன்றில் காய்ந்த எச்சமும் ஒரு சின்ன இறகும் ஒட்டியிருந்தன. நல்லதை வேகவைத்துக் கிழங்கோடு போட்டேன். விரிசல் விட்டதைப் பச்சையாக உடைத்து, எண்ணெய் விட்டு அடித்து, மயோனைஸ் செய்தேன். குளிர்பெட்டியில் இடம் இருந்தது. ஆனாலும் கிண்ணத்தை வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்தேன். பதினொரு மணிக்கு ஒரு முறை முகர்ந்து பார்த்தேன். ஈரச்சுவர் போல லேசாக ஒரு வாடை. மேலே மிளகுத்தூள் தூவினேன்.

எங்கள் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடும் அவர்களுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியல் சமையற்கூடச் சுவரில் தொங்குகிறது. முதல் வரி, பச்சை முட்டை. கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மேசையில் வைத்தபோதுகூட நான் முடிவு எதுவும் செய்திருக்கவில்லை. கெட்டுவிட்டது என்று சொல்லி எடுத்துப் போக எனக்கு வழி இருந்தது.

ஒன்றே காலுக்கு உட்கார்ந்தோம். கூட்டாளி நல்ல மனிதர். காலி வயிற்றில் குடிக்க வேண்டாம் என்று தம்பியைத் தடுத்துப் பார்த்தார். தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து சட்டையைத் தூக்கினான். தழும்பு பளபளவென்று இருந்தது. அதன்மேல் வயிறு சரிந்து தொங்கியது. கூட்டாளியின் கையைப் பிடித்து அதில் வைத்தான்.

"அமுக்கிப் பாருங்க. உள்ள கெட்டியா இருக்கும். அக்காதான்."

அவர் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார். அந்த விரல்கள் என் மேல் பட்டது போல இருந்தது. தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கிண்ணத்தை எடுத்தேன். முதலில் என் தட்டில் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன். பிறகு எல்லாருக்கும் பரிமாறினேன். தம்பிக்கு இரண்டாம் முறையும் வைத்தேன். கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினான்.

மறுநாள் ஐந்து பேருக்கும் வயிற்றுப்போக்கு. எனக்கும்தான். இரண்டு நாள் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். யாருக்கும் தனியாக நான் எதையும் வைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாம் நாள் காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அவருக்கு ஜுரம் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடவா?"

முதலில் என்னிடம்தான் கேட்பாள். எனக்குத் தெரியாதது இல்லை என்று அவள் நம்பிக்கை. இப்படிப்பட்ட நோயாளிக்கு ஜுரம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது எங்கள் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவளுக்கும் தெரியும்.

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கு. எனக்கும் ஜுரம்தான். உப்பும் சக்கரையும் கலந்து தண்ணி குடு. தூங்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

எனக்கு ஜுரம் இல்லை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, அது பொய்.

மாலையில் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். அவள் கெட்டிக்காரி இல்லை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பவள். மறுநாள் காலையில் அவன் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் வண்டி கூப்பிட்டாள்.

எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் என்னைக் கேட்டார். கோழியும் கிழங்கும், எல்லாரும் ஒன்றையேதான் சாப்பிட்டோம் என்றேன். முட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் தம்பி போய்விட்டான்.

நீங்கள் கேட்கும் கேள்விக்கு ஆம் என்றே எழுதிக்கொள்ளலாம். வேண்டுமென்றேதான் செய்தேன், வேண்டுமென்றேதான் நாளைக் கடத்தினேன். ஆனால் கொடூரமாக ஏதோ செய்துவிட்டது போல என்னைப் பார்க்காதீர்கள். அவன் மேல் எனக்குக் கோபம்கூட இருந்ததில்லை.

மருத்துவர் வெளியே வந்து எங்களை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கினார். முதலில் நின்றுபோனது சிறுநீரகம்தான் என்றார். முடிந்த வரை தாக்குப்பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடம் அந்தச் சாக்கடையில் கிடந்து உழைத்து, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே செத்திருக்கிறது.

தம்பி மனைவிதான் என்னைக் கட்டிப்பிடித்துத் தேற்றினாள்.