இரண்டுங்கெட்டானின் கூண்டு

சாயங்காலம் ஆறே முக்கால். தூறல். மிருகக்காட்சி சாலையின் பின்வாசலிலிருந்து கூண்டுகள் வரை நீளும் சிமெண்டுப் பாதை... ஈ காக்கை இல்லை. குடையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தவர் என் நண்பனின் அம்மா. நான் சொல்வதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை. அங்கே வேலை பார்த்த அவருடைய தம்பிக்கு அன்றோடு பணி ஓய்வு. வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டிப்போக வந்திருந்தார்.

தம்பி என்றாலும் வயது ஐம்பத்தெட்டு. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவர் வளர்த்தது ஒரே ஒரு பிராணி. அப்பன் சிங்கம், அம்மா புலி. இரண்டையும்விடப் பெரிய உடம்பு. சிங்கங்களும் அதைச் சேர்க்கவில்லை, புலிகளும் சீந்தவில்லை. மற்ற ஊழியர்கள் ‘இரண்டுங்கெட்டான்’ என்பார்கள். தம்பிக்குச் சுருக்கென்று தைக்கும். அவரையும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், பாவம்.

கூண்டுக்கு இரண்டு அறை, நடுவில் இரும்புக் கதவு. தம்பி மூக்கால் ‘ப்ஃபுர்ர்...’ என்று ஊதுவார். பின்னறையிலிருந்து அதுவும் அப்படியே ஊதினால்தான் நடுக்கதவை இறக்கிவிட்டு, முன்னறையைக் கழுவ நுழைவார். பதினான்கு வருஷம் ஒருநாளும் தவறியதில்லை.

போன மாதம் அது செத்துப்போனது.

அக்கா கூண்டை நெருங்கினார். ஈரச் சாக்கு வாடை... அதற்குள் அரிசி வேகிற மாதிரி ஒரு வாசனை, அந்தப் பிராணியின் வாசனை. உள்ளே தம்பி ஊதுவது கேட்டது. பழக்க தோஷம்.

பின்னறையிலிருந்து பதில் வந்தது.

‘ப்ஃபுர்ர்...’

நடுக்கதவை இறக்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது கேட்கவே இல்லை. காலடிச் சத்தம் மட்டும் பின்னறைக்குள் போய் நின்றது.

அக்கா போன் வெளிச்சத்தோடு உள்ளே ஓடினார். கூரை ஒழுகி, தரை முழுக்க ஈரம். தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் மட்டும், அவரைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்குத் தரை காய்ந்திருந்தது.

“எந்திரிடா, வீட்டுக்குப் போலாம்.”

“மெதுவா பேசுக்கா... இப்பதான் தூங்குது. நானும் போயிட்டா இதுக்கு யாருக்கா இருக்கா?”

தம்பிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அக்காவுக்கு அழுகையாக வந்தது. அங்கே ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, குனிந்து அந்தக் காய்ந்த தரையைத் தட்டப் போனார்.

கை தரையைத் தொடவில்லை. ஒரு முழம் மேலேயே எதன்மேலோ படிந்து நின்றுவிட்டது. கதகதப்பாக இருந்தது.

பிறகு அந்தக் கை மெல்ல உயர்ந்தது... மெல்லத் தாழ்ந்தது.