அய்யாசாமி இருந்த கிளை

நான் கொஞ்சம் சோம்பேறி, இன்ஸ்பெக்டர் சார். ஒரு மாடி ஏறவும் லிஃப்டுக்குக் காத்திருப்பேன். கம்ப்யூட்டரும் என்னைப் போலத்தான்.

விஜயநகரில் அந்த நர்சிங் ஹோமின் நோயாளிகள் கோப்பெல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது. லட்சத்துக்குப் பக்கம் இருக்கும். ஒருவர் பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் அத்தனையையும் புரட்டாது. பெயரை ஓர் எண்ணாக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மரத்தில் இறங்கும். இந்த எல்லைக்குள் என்றால் இந்தக் கிளை, தாண்டினால் அடுத்த கிளை. போன கிளையில் பெயர் இல்லாவிட்டால் அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். பக்கத்துக் கிளையை எட்டிப் பார்க்காது. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டுப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் கடைசி வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தவன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நையாண்டி எழுதுவேன். திரை ‘இல்லை’ என்று காட்டினால் அதை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் நம்புவார்கள் என்று ஒரு கட்டுரை எழுத ஆசை. கற்பனையாகவே எழுதியிருக்கலாம், எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. அதனால் மரத்தில் ஒரே ஓர் எல்லை எண்ணை மாற்றினேன். இனி சில பெயர்களைத் தேடினால் தவறான கிளைக்குப் போகும், அவ்வளவுதான். யாருடைய பெயர்கள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாரபட்சம் ஆகியிருக்கும்.

மறுநாள் ஹெப்பாளில் கட்டட வேலை செய்கிற அய்யாசாமி என்பவரைக் கொண்டுவந்தார்கள். காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்து, நல்ல காய்ச்சல். கூட மகள் சொர்ணலதா. போன தடவை இங்கே போட்ட ஏதோ ஊசியில் அப்பாவுக்கு மூச்சே நின்றுவிடப் பார்த்தது, அதன் பெயர் தனக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுதி வைத்துக்கொண்டீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நர்ஸ் செலின் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரொனால்டு, போன தடவை நானேதாம்பா ஏத்துனேன். இப்ப இல்லைங்குது. சொல்ப, கொஞ்சம் பாரு."

முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்த்திருந்தால் பெயர் கண்ணில் பட்டிருக்கும். என் எண்ணைப் பழையபடி வைக்கவும் அதிக நேரம் ஆகாது. ஆனால் பாதியில் நிறுத்திய சோதனைக்கு மதிப்பில்லை, சார்.

"சிஸ்டம் இல்லைன்னா இல்லதாங்க்கா. வேற ஆஸ்பத்திரியா இருக்கும்."

சொர்ணலதா என்னைப் பார்த்தாள். "இதே கட்டில்லதாங்ணா படுத்திருந்தாரு," என்றாள்.

டாக்டர் அவள் பேச்சைவிடத் திரையை நம்பினார். படித்தவர். வழக்கமான ஊசியையே போடச் சொன்னார். ஊசி பாதி இறங்கும்போதே அய்யாசாமி கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு அடங்கிய பிறகும் செலின் அக்கா நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் கதவோரம் நின்று கவனித்தேன். எழுதும்போது விவரம் சரியாக இருக்க வேண்டுமல்லவா.

இப்போது, கோப்பை ஏற்றவே இல்லை என்று செலின் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களாம். அது தவறு. அவர் ஏற்றியிருந்தார். ஆகாத ஊசியின் பெயர் முதல் வரியிலேயே சிவப்பில் இருக்கிறது. எண்ணை மாற்றியதும் நான், தெரிந்தே இல்லை என்று சொன்னதும் நான்.

சொர்ணலதாவிடமும் சொல்லிவிடுங்கள், சார். மரத்தைச் சரிசெய்துவிட்டேன். இனி அவள் அப்பா பெயரை அடித்தால் உடனே வந்துவிடும்.