கைப்பிடிக்குள் இருந்த சேறு

வேலையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் மிச்சம் வைத்ததில்லை, ஐயா. மங்கலம்பேட்டையில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். மிக்ஸி நின்றாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் அன்பரசுவைக் கூப்பிடு என்பார்கள். பதினாறு வருடமாகச் சின்ன விமானங்களுக்கு மெக்கானிக். நான் கையெழுத்துப் போட்ட வேலையில் ஒரு புகார் வந்தது கிடையாது. அதனால்தான், லீவர் கைப்பிடிக்குள் சேறு எப்படிப் போனது என்று விசாரணையில் நீங்கள் கேட்டதும் எனக்கு உறுத்தியது. துடைத்திருக்க வேண்டும்.

எங்களுடையது நாலு சீட்டு விமானம். பிச்சாவரத்துக் காடு, இறால் குட்டை, கடற்கரை எல்லாவற்றையும் மேலே இருந்து படம் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. முதுநகர் தாண்டி எங்கள் ஓடுதளம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினிலோ பெட்ரோல் லைனிலோ கை வைத்தவன், அடுத்த முறை அது பறக்கும்போது ஏறி உட்கார வேண்டும். தானும் ஏறப் போகிறோம் என்று தெரிந்தால் எவனும் ஒழுங்காக முடுக்குவான் அல்லவா. எனக்கோ உயரம் என்றாலே குலை நடுங்கும். ஆனாலும் பதினாறு வருடமும் ஏறினேன்.

பைலட் வினோதினி சிதம்பரத்துப் பெண். அவள் அப்பா வைத்திலிங்கம் தபால் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். என் வீட்டுக்காரி இளவரசி கட்டிக் கொடுக்கும் புளிச்சோற்றில் பாதி அவளுக்குத்தான் போகும். மற்ற பைலட்டுகள் நான் செய்த வேலையை ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். இவள் பார்க்க மாட்டாள். “நீங்க கை வச்சா நான் திரும்பிக்கூட பாக்க மாட்டண்ணே” என்பாள். அந்த வார்த்தைக்காகவே நான் இன்னும் பத்து வருடம் அங்கே உழைத்திருப்பேன்.

முந்தின நாள் பெட்ரோல் லீவரின் அடியில் கசிவு. இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருக்கிற சின்ன லீவர் அது. இடது பக்கம் திருப்பினால் இடது இறக்கை டேங்கிலிருந்து பெட்ரோல் வரும், வலது பக்கம் திருப்பினால் வலது டேங்கிலிருந்து. கைப்பிடியைக் கழற்றி வாஷர் மாற்றினேன். கைப்பிடி உட்காருகிற தண்டு சதுரமானது. எப்படித் திருப்பிச் செருகினாலும் உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் கழற்றும் முன் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். அன்றைக்குக் கோடு போட மறந்துவிட்டேன். செருகினேன், முடுக்கினேன், கையெழுத்துப் போட்டேன்.

காலையில் வலது டேங்க் நிறைய இருந்தது. இடதில் அரை மணி நேரத்துக்குத்தான். அவள் லீவரை வலது பக்கம் வைத்துக் கிளம்பினாள். இருபது நிமிடம் இருக்கும். இடது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று காட்டுகிற முள் இறங்கிக்கொண்டிருந்தது. வலது முள் அசையவே இல்லை. அந்த வினாடியே எனக்குப் புரிந்துவிட்டது, கைப்பிடியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

லீவரைத் திருப்பும்மா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏண்ணே என்று கேட்பாளே. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நான் சொன்னதெல்லாம், “திரும்பிடலாமா மேடம், எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்பதுதான். எட்டி இடது முள்ளையும் காட்டினேன். அதாவது, என் கடமையைச் செய்தேன்.

அவள் சிரித்தாள். “அந்த முள்ளு என்னிக்குண்ணே உண்மயச் சொல்லிச்சு? இன்னும் நாலு ரவுண்டுதான். பயமா இருந்தா கண்ண மூடிக்கோங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிள்ளை ஊருக்கு மேலே இன்ஜின் இருமியது. இரண்டு தரம் இருமி நின்றது. அப்புறம் காற்றின் இரைச்சல் மட்டும்தான். நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் வேகம் விழாமல் இருக்க மூக்கைத் தாழ்த்தினாள், எங்கே இறக்கலாம் என்று தேடினாள், நடுவில் என்னையும் கேட்டாள். “அண்ணே, வலது ஃபுல்லா இருக்கு, லீவரும் அந்தப் பக்கந்தான் இருக்கு. ஏண்ணே பெட்ரோல் வரல?”

“தெரியலம்மா” என்றேன்.

இடது முள் பூஜ்யத்தில் கிடந்தது. காலி டேங்குக்கு யார் மாற்றுவார்கள்? அவளும் மாற்றவில்லை. குட்டைக் கரையில் ஆட்கள் வலை அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் போய் விழக்கூடாது என்று கழிமுகத் தண்ணீரில் இறக்கினாள். விமானம் மூக்குக் குத்திச் சேற்றில் புதைய, உள்ளே தண்ணீர் ஏறியது.

எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு இரண்டு கையும் ஒடிந்திருந்தது. தண்ணீர் மடிக்கு வந்தபோதும் அவள் முகத்தில் சிரிப்புத்தான். “பொழச்சிட்டோம்ணே” என்றாள். பிறகு முள்ளையும் லீவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள்.

“தலகீழா மாட்டிருக்கு போலண்ணே. சரி வுடுங்க, யாருக்கும் ஆவறதுதான். பெல்ட்ட அவுருங்க, எனக்குக் கை வரல.”

நல்ல பெண் ஐயா அவள். வெளியே போய்ச் சொல்ல மாட்டாள் என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பி ஒரு வேலையைப் பாதியில் விட முடியுமா? என் பெல்ட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டேன். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. லீவர் சேற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டதால் தடவித்தான் கைப்பிடியைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியிருந்தது. ஸ்க்ரூ இரண்டு தடவை வழுக்கியது.

“அண்ணே, பெல்ட்டு” என்றாள்.

“ஒரு நிமிசம்மா” என்றேன்.

அப்புறமும் கூப்பிட்டாள். கடைசியில் கூப்பிட்டது என்னை இல்லை, அவள் அப்பாவை. ஸ்க்ரூவை முழுசாக முடுக்கிவிட்டு நான் நிமிர்ந்தபோது தண்ணீர் அவள் தலைக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு பெல்ட்டை அவிழ்த்தேன். ஒரே அழுத்தத்தில் வந்துவிட்டது.

காத்தவராயன் என்கிற மீன்காரர் படகில் வந்து எங்களை ஏற்றினார். லீவர் இப்போது காலி டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. வலது டேங்க் நிறைய இருக்க, பைலட் காலி டேங்கில் ஓட்டிவிட்டாள் என்று எல்லாரும் பேசினார்கள். வைத்திலிங்கம் வந்து, “எம்பொண்ணு அவ்ளோ கவனமில்லாமயா இருந்துச்சு தம்பி?” என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்களாவது பொழச்சீங்களே என்று அழுதார். பாவம், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பயம்தான் ஐயா எல்லாவற்றுக்கும் காரணம், வேறொன்றும் இல்லை. அவள் மூழ்கியது என் பக்கத்தில்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாவது தடவை லீவரைச் சரியாகத்தான் மாட்டினேன். அதையும் சேர்த்து எழுதுங்கள்.