முருகேசனுக்கு ஒரு வணக்கம்

கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து தேவரா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்க் கொத்தனார்கள். பெரியவர் சொன்னதைக் கேட்டுத்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"குடிச்சிருந்தாலும் பரவாயில்ல செல்வம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு வந்து உக்காரு."

"குடிய விட்டவங்க மீட்டிங்குக்குக் குடிச்சிட்டா வர்றது?"

"விட நினைக்கிறவனும் வரலாம்டா."

"வந்துட்டிருந்த வரைக்கும் தொடாமத்தாண்ணே இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர?"

"உன் மூஞ்சியப் பாக்க யாரு இருக்கா? மணி ஊருக்குப் போயிட்டான். ராசு செத்துட்டான். தமிழ்ல பேசற மீட்டிங்ல நான் மட்டும்தான்."

"பக்கத்து ரூம்லயே சேட்டன்மார் மீட்டிங் நடக்குதே. உங்களுக்குத்தான் மலையாளம் வருமே."

"சிமெண்டு கேக்க வரும். சாயா சொல்ல வரும். பொண்டாட்டிய அடிச்சத அதுல சொல்ல வரல."

செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போன வாரமும் நாற்காலிய வட்டமாப் போட்டேன். எழுந்து நின்னு, என் பேரு முருகேசன், நான் ஒரு குடிகாரன்னு சொன்னேன்."

"யாருமே இல்லாமயா?"

"அதச் சொல்லி, எல்லாரும் திருப்பி 'வணக்கம் முருகேசா'ன்னு சொன்னாத்தான் எனக்கு அந்த வாரம் தாங்கும்."

"அப்புறம்?"

"நானே சொல்லிக்கிட்டேன்."

தோப்பும்படியில் செல்வம் இறங்கி, எதிரே மதுக்கடை வரிசையில் போய் நின்றான். பஸ் கிளம்புவதற்குள் பெரியவரும் கொத்துக்கரண்டிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினார். அவனைக் கையைப் பிடித்து இழுத்து வரப்போகிறார் என்று நினைத்தேன். வரிசையில் அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.