தேவசகாயத்தின் பங்கு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயிலில், மடியில் பிடில் பெட்டி வைத்திருந்த எதிர் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“தேவசகாயத்தை ரயில்வேயில ஈப்போவுக்கு மாத்திட்டாங்க. இனிமே வரமாட்டான்னு நினைச்சு, பாட்டுலேர்ந்து அவனை எடுத்துட்டேன்.”

“மூணு பிடிலுக்கு எழுதினீங்களே, ராத்திரியில ஊர் அடங்குற மாதிரி, அந்தப் பாட்டா?”

“அதேதான். அவன் பங்கை நாங்க ரெண்டு பேரும் பிரிச்சு வாசிச்சுப் பார்த்தோம், சரிப்படலை. அந்த இடத்தையெல்லாம் யாரும் வாசிக்காம சும்மா விட்டுட்டேன்.”

“இப்பதான் அவர் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பி வந்துட்டாரே.”

“ஆமா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒத்திகைக்குப் பிடிலோட வந்தான். நாங்க வாசிச்சதைக் கடைசி வரைக்கும் கேட்டான். பெட்டியைத் திறக்கவே இல்லை.”

“கோவமா?”

“கோவப்பட்டிருந்தா பரவாயில்லை. நல்லா இருக்குன்னு கையைப் புடிச்சுச் சொல்லிட்டுப் போயிட்டான்.”

ரயில் பத்து தீகா ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பழைய தாள் இருக்கும்ல அண்ணே? பழையபடியே வாசிச்சிடுங்களேன்.”

“இருக்கு. நேத்து எடுத்துப் பார்த்தேன்.” பெட்டியின் கொக்கியைத் திறந்து, திரும்ப மூடினார். “அவன் இல்லாமதான் அது ராத்திரி மாதிரி இருக்கு. அது அவனுக்கும் கேட்டிருக்கும்.”