அம்மன் பார்த்த ஆள்

பஸ்ஸில் யாருக்காவது இடம் கொடுக்க வேண்டி வந்தால் நான் உடனே தூங்கிவிடுவேன். இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே திறமை அது. துறைமுகத்தடியில் நிலாவெளி பஸ் ஏறி உட்கார்ந்ததும், மீன்கூடையோடு ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணை மூடினேன். பின் சீற்றில் இரண்டு பெண்கள் பேசினார்கள்.

“எங்கட அம்மனுக்கு ஆள் பார்க்கத் தெரியாதடி.”

“ஏன் மச்சாள்?”

“ஊரிலை எத்தினை நல்ல குடும்பத்துப் பொம்பிளையள் விரதம் பிடிக்கினம். அம்மன் உரு வாறது, புருசன் விட்டிட்டுப் போக, கருவாடு காயப்போட்டுச் சீவிக்கிற என்ர அக்காவிலை.”

“திருவிழாவிலை நீங்களும் அவவின்ர காலிலை விழுந்து, மகளுக்குக் கலியாணம் சரிவருமோ எண்டு கேட்டனீங்கள்தானே?”

“நான் விழுந்தது அம்மன்ர காலிலை.”

“அவ சொன்னபடி சரிவந்திட்டுது. அப்ப கலியாணத்துக்குக் கூப்பிடுவீங்களோ?”

“ஐயோ, ஏலாது! மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம்? சாமி வராத நேரம் அவ வெறும் அக்காதானே.”

பஸ் ஏறியது முதல் நடந்ததைச் சொல்லி, மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்களே என்று வீட்டில் மனைவியிடம் மனம் நொந்துகொண்டேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப அந்த மீன்காரி நிலாவெளி வரைக்கும் நிண்டுகொண்டே வந்தவவோ?”