ஒரே பஃப், ஊர்ப்பட்ட மூஞ்சி

…அழுக்குக் குடோனாம் தம்பி! இந்த பவுடர் பஃப்ப, இதோ, என் கையில இருக்கே, இதப் பத்தி அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தை அது. அழுக்குக் குடோன்! உக்காருங்க, உக்காருங்க. ஸ்டூலு ஒரு கால் கொஞ்சம் குட்டை, நீங்க ஆடலன்னா அதுவும் ஆடாது. ஐடி கார்டு போட்டோதானே? முகவாய இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ம்… மினுக்குதே தம்பி! நெத்தி, மூக்கு, முகவாய், எல்லாம் எண்ணெய். ஃபிளாஷ் அடிச்சா மூஞ்சியில பல்பு எரியற மாதிரி விழும். ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டிக்குக் கண்ணு கூசும். அதுக்குத்தான் இந்த பஃப். லேசா ஒரு தட்டு… ஏன் பின்னால சாயறீங்க? பின்னால சுவருதான் இருக்கு. சரி, அப்புறம் தட்டலாம், சொல்ல வந்தத முடிச்சுடறேன்.

எந்த டாக்டரம்மாவா? தோல் டாக்டரு. என் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கன்னம் பூரா பரு. சும்மா வந்துட்டுப் போற பரு இல்ல, செவசெவன்னு உள்ளுக்குள்ள குடையற ரகம். உங்களுக்கும் அதே ரகந்தான்… தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, தொழில் பழக்கம். யாரு உக்காந்தாலும் மொதல்ல பருவத்தான் எண்ணுவேன். கம்ப்யூட்டர்ல அழிக்கறது யாரு, நான்தானே?

அதுக்கு முன்னாடி நடந்த கூத்து இருக்கே! அவ சித்தி சொன்னான்னு டூத்பேஸ்ட்ட அப்பிக்கிட்டா, தோலு வெந்து போச்சு. அத்தை சொன்னான்னு எலுமிச்சம்பழத்தத் தேய்ச்சுக்கிட்டா, எரிச்சல் தாங்காம ஃபிரிட்ஜத் தொறந்து உள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டு நின்னா. என் சம்சாரம் பாத்துட்டு, "அங்க என்னடி தேடற?"ங்கறா! அப்புறம் சோப்பு. எப்பப் பாத்தாலும் சோப்பும் கையுமா கழுவிட்டே இருப்பா. கழுவக் கழுவ எண்ணெய் வழியுது. இதுல சம்சாரத்துக்கிட்ட எனக்குத் திட்டு வேற, எங்க பரம்பரைதான் எண்ணெய்ப் பரம்பரையாம். இவங்க பரம்பரையில எல்லாரும் மூஞ்சிய வெயில்ல காயப் போட்டே பொறந்தாங்க பாருங்க!

டாக்டரம்மா என்ன சொல்றாங்க… காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ கழுவுனாப் போதுமாம். ஓவராக் கழுவுனா தோலு ரோஷப்பட்டுக்கிட்டு இன்னும் எண்ணெய் விடுமாம். சரி, ஒத்துக்கிட்டேன். அடுத்து என்ன தெரியுமா? கழுவிட்டு மேல கிரீம் போடணுமாம்! எண்ணெய் வழியற மூஞ்சிக்கு மேல கிரீமா, இது நியாயமாம்மான்னு கேட்டுட்டேன். எண்ணெய் இல்லாத கிரீமுன்னு ஒண்ணு இருக்காம். தண்ணி கலக்காத பாலுன்னு சொன்னாக்கூட நம்பலாம் தம்பி, இத எப்படி நம்பறது? வெயிலுக்குத் தனியா ஒண்ணு, ராத்திரிக்குப் பட்டாணி அளவு ஒண்ணு. தலகாணி உறைய அடிக்கடி மாத்தணும், பருவக் கிள்ளக் கூடாது… இப்ப எங்க பாத்ரூம் ஷெல்ஃபுல என் ஷேவிங் பிரஷ்ஷுக்கு நிக்க இடமில்ல. ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல அவ மூஞ்சி கழுவற டியூப மாத்தி எடுத்துப் பல்லு விளக்கிட்டேன். நல்லாத்தான் நுரை வந்துச்சு.

நீங்க மூஞ்சியத் தொடாதீங்க. பாருங்க, பேசிட்டிருக்கும்போதே விரல் அங்க போவுது. இவளும் இப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங்… இவ்வளவும் பண்றா, பரு அடங்கல. வேற என்னம்மா உன் மூஞ்சியில படுதுன்னு டாக்டரம்மா துருவுறாங்க. இவ மேல பாத்தா, கீழ பாத்தா, என்னையப் பாத்தா. "எங்கப்பாவோட பஃப்"ன்னுட்டா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

விஷயம் என்னன்னா தம்பி, காலையில கடை தொறந்ததும் மொத போட்டோ அவளத்தான் எடுப்பேன். யூனிஃபார்ம் போட்ட காலத்துலேந்து. லைட் செட்டிங் பாத்த மாதிரியும் ஆச்சு, ராசியான கை… ராசியான மூஞ்சின்னு வெச்சுக்கங்களேன். எண்ணெய் மூஞ்சியா, மினுக்குமா, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு. அவ்வளவுதான்! "எப்பக் கழுவுனீங்க?"ன்னு கேக்கறாங்க டாக்டரம்மா. பஃப்ப எவனாச்சும் கழுவுவானா? கழுவுனா பவுடர் போயிடாதா? கல்யாண மாப்பிள்ளை, பேங்க் மேனேஜர், போலீஸ்காரரு, ஊர்ப்பட்ட மூஞ்சி இதுல பட்டிருக்கு. ஒருத்தராச்சும் திரும்பி வந்து புகார் சொல்லியிருப்பாங்களா? வர்றதே இல்ல!

…ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இப்ப அவளுக்கு வேலை கெடச்சிருக்கு. நல்ல கம்பெனி. இன்னிக்கு போட்டோ குடுக்கணும். சோத்துல கை வெச்சிருக்கேன், சட்டமா சொல்றா: "அந்த பஃப்பக் குப்பையில போடுங்கப்பா, வந்து உங்க ஸ்டூல்ல உக்கார்றேன். இல்லன்னா எதிர்க்கடைக்குப் போறேன்." எதிர்க்கடைக்கு! அவன் தலைய வெட்டிடுவான் தம்பி… போட்டோவுலதான். என் பொண்ண இன்னொருத்தன் "சிரிங்கம்மா"ன்னு சொல்றதா? அவ எந்தப் பக்கம் சிரிச்சா நல்லாருக்கும்னு அவனுக்குத் தெரியுமா?

போட்டுடலாம். இது என்ன பெரிய சொத்தா? ஆனா போட்டா என்ன அர்த்தம்? அவ பருவுக்கு நான்தான் காரணம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? இந்தப் பருவால அவ தோழி கல்யாணத்துக்குக்கூடப் போகல தம்பி. ரூமுல படுத்துக்கிட்டு, தலைவலின்னா. எனக்குத் தெரியாதா? அதுக்குக் காரணம் நான்னா… என்னால அதத் தாங்க முடியாது, அதான் பிடிவாதமா வெச்சிருக்கேன். இப்ப லைட் செட்டிங் பாக்க ஸ்டூல் மேல தொட்டிச் செடிய வெக்கறேன். செடிக்கு எண்ணெய் வழியல, சரி. ஆனா அதுக்கு அப்பாவப் பாத்து மூஞ்சியச் சுளிக்கத் தெரியல பாருங்க…

சரி, என் புராணம் இருக்கட்டும். முகவாய இறக்குங்க, ஒரே தட்டு… அட! எங்க எந்திரிக்கறீங்க? தம்பி! சுத்தமான பவுடர்தான் தம்பி, பஃப்புதான் கொஞ்சம்… ஹலோ! வெறும் மூஞ்சியிலயே எடுக்கலாம், வாங்க! ரோட்டப் பாத்துப் போங்க, வண்டி வருது! தம்பி… அந்தக் கடைக்கா போறீங்க…

…அங்க வாசல்ல நிக்கறது யாரு? நம்ம பொண்ணா?

ஏ கண்ணு! இங்க பாரு, இங்க! எதிர்க்கடைக்கே போயிட்டியா… சரி, எடுத்துக்க, உன் இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவனும் ஒரு பஃப் வெச்சிருப்பான், மூஞ்சியத் தொட விட்டுடாத! பவுடரே வேணாம்னு சொல்லு! லைட்ட நேரா அடிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நகத்தி, சுவத்துப் பக்கம் திருப்பி வெக்கச் சொல்லு! அப்புறம் எப்பேர்ப்பட்ட எண்ணெய் மூஞ்சியும் மினுக்காது, அவ்வளவுதாம்மா விஷயம்!

என்ன? வண்டிச் சத்தத்துல கேக்கல… இந்த லைட் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியுமாவா? ஆமா, தெரியும்.

கடை போட்ட நாள்லேந்தே தெரியும்.

அது… அந்த லைட் ஸ்டாண்டு கனம்மா. நகத்துனா இடுப்பு பிடிச்சுக்கும். பஃப்புன்னா… கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு.